கால் அங்குலத்தின் வரலாறு

வளர்கிற பிள்ளைக்குச் சட்டை தைக்கக் கொடுக்கும்போது, "உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தையுங்கள்" என்று சொல்வது நம் வீடுகளின் பழைய வழக்கம். தையலுக்குள் மறைந்து கிடக்கும் அந்தத் துணி வரும் ஆண்டுக்கான சேமிப்பு. பிள்ளை வளர்ந்தால் தையலைப் பிரித்து அகலமாக்கிக்கொள்ளலாம். எவ்வளவு விடுவது என்பது தையற்காரரின் கைக்கணக்கு. அரை அங்குலமும் விடுவார், ஒன்றரை அங்குலமும் விடுவார். யாரும் அளவுகோல் வைத்துப் பார்ப்பதில்லை.

இதே உள்துணி கறாரான சட்டமாக மாறிய ஓர் உலகமும் உண்டு. அமெரிக்கப் பெண்கள் தைக்கும் குவில்ட் என்ற துண்டுத்துணிப் போர்வையில் ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் தையலுக்காக விடவேண்டிய துணி கால் அங்குலம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இன்று தையல் இயந்திரத்தில் குவில்ட் தைக்கக் கற்கும் எவரும் முதல் நாளில் பயில்வது இந்தக் கால் அங்குலத்தைத்தான். போர்வை முடிந்த பிறகு கண்ணுக்கே தெரியாத ஓர் அளவு எப்படி இவ்வளவு அதிகாரம் பெற்றது? யாருக்கு அது தேவைப்பட்டது, யாருக்குத் தேவைப்படவில்லை? பெரிய இயந்திரங்களின் வரலாற்றை எழுதியவர்கள் இந்தச் சிறிய அளவின் பக்கம் அதிகம் திரும்பியதில்லை. நாம் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

*

முதலில் கணக்கு. குவில்ட் என்பது மூன்றடுக்குப் போர்வை. மேலே துண்டுகளை இணைத்துத் தைத்த துணி, நடுவில் பஞ்சு, அடியில் முழுத்துணி. மூன்றையும் ஊடுருவி ஓடும் தையலுக்கே குவில்டிங் என்று பெயர். நாம் பேசுவது அதற்கு முந்திய கட்டத்தை, சிறு துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்து மேல்துணியை உருவாக்கும் வேலையை.

முடிவில் 2 அங்குலச் சதுரமாகத் தெரியவேண்டிய ஒரு துண்டை நான்கு பக்கமும் கால் அங்குலம் கூட்டி 2½ அங்குலமாக வெட்டவேண்டும். வெட்டிய துணி 6¼ சதுர அங்குலம். மேலே தெரிவது 4 சதுர அங்குலம். நூற்றுக்கு 36 பங்கு துணி தையலுக்குள் போய்விடுகிறது. அமெரிக்க ஆடைத் தையலில் வழக்கமாக விடும் ஐந்து அரைக்கால் அங்குலத்தை, அதாவது ⅝ அங்குலத்தை, இதற்கும் விட்டால் நூற்றுக்கு 62 பங்கு உள்ளே போய்விடும். துணிக்குப் பஞ்சமிருந்த வீடுகளில் இது கட்டுப்படியாகாது. கால் அங்குலத்துக்கும் மிகக் குறைத்தாலோ, வெட்டிய ஓரம் நூல் பிரிந்து ஓரிரு சலவையில் தையல் விட்டுப்போகும். சிக்கனம் ஒருபுறமும் உறுதி மறுபுறமும் இழுக்க, இடையில் நின்ற சமரசம்தான் கால் அங்குலம்.

துணி எவ்வளவு அருமையானது என்பதற்கு நம் கரையோடு தொடர்புள்ள சான்று ஒன்று உண்டு. சோழமண்டலக் கரையில் கையால் வரைந்து சாயமேற்றிய பருத்தித் துணிகளின்மீது பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேயருக்கு இருந்த மோகத்தைக் கண்டு, அந்நாட்டுக் கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதித்தெழுந்தனர். அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்தவும் பயன்படுத்தவும் 1721ஆம் ஆண்டுச் சட்டம் தடைவிதித்தது. 1774இல்தான் அது நீங்கியது. அத்தகைய துணியின் பூக்களையும் பறவைகளையும் தனித்தனியே வெட்டி, வெள்ளைத் துணியின்மேல் பரப்பித் தைத்த போர்வைகள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஒரு முழத் துணியைப் போர்வை முழுக்கப் பூக்கவைக்கும் உத்தி அது.

இனிப் பிழையின் கணக்கு. இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் ஒரு தையல். அதில் இருபுறமும் துணி உள்ளே போகிறது. தைப்பவர் கால் அங்குலத்துக்குப் பதில் அதைவிட ஒரு வீசம், அதாவது 1⁄16 அங்குலம், கூடுதலாக எடுத்துவிட்டார் எனக் கொள்வோம். ஒரு தையலுக்கு இருபுறமுமாக அரைக்கால் அங்குலம் குறையும். எட்டுச் சதுரங்கள் கொண்ட ஒரு வரிசையில் ஏழு தையல்கள். 16 அங்குலம் இருக்கவேண்டிய வரிசை முக்காலே அரைக்கால் அங்குலம் குறுகிவிடும். எல்லா வரிசைகளும் ஒரேமாதிரி குறுகினால் கவலையில்லை, போர்வை சற்றுச் சிறியதாகும், அவ்வளவே. ஆனால் அடுத்த வரிசையில் இரண்டே நீண்ட துண்டுகள், ஒரே தையல். அது அரைக்கால் அங்குலம் மட்டுமே குறையும். இரண்டு வரிசைகளையும் இணைக்கப்போனால் முக்கால் அங்குலம் முட்டிக்கொண்டு நிற்கும். இழுத்துத் தைத்தால் சுருக்கம் விழும். நட்சத்திரத்தின் முனைகள் வெட்டுப்படும்.

யாப்பு பயின்றவர்களுக்கு இது புதிதாக இராது. வெண்பாவில் ஒவ்வொரு சீரும் தனித்தனியே சரியாக இருந்தாலும் போதாது. ஒரு சீரின் ஈறும் அடுத்த சீரின் முதலும் சேரும் இடத்தில் தளை தட்டக்கூடாது. குவில்டிலும் துண்டின் அழகு வேறு, சேர்க்கையின் ஒழுங்கு வேறு.

இன்னொரு நுட்பமும் உண்டு. தைத்தபின் உள்துணியை இஸ்திரிப் பெட்டியால் ஒருபக்கமாகச் சாய்த்து அழுத்துவார்கள். அப்படி மடியும்போது மடிப்பின் கனமே சிறிது துணியை விழுங்கிவிடும். ஆகவே கால் அங்குலத்துக்கு ஓரிரு இழை குறைவாகத் தைத்தால்தான் முடிவில் கணக்கு சரியாக வரும். நம் தச்சர்கள் 'ஒரு நூல்' என்றால் அது அரைக்கால் அங்குலம். இங்கே குறைப்பது துணியில் ஓடும் மெய்யான நூலின் பருமன். சரிபார்க்கும் வழி எளிது. ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளை வெட்டி, பக்கவாட்டில் இணைத்து, அழுத்தி, நடுப்பட்டையை அளக்கவேண்டும். அது சரியாக 1 அங்குலம் இருந்தால் தையல் சரி. இல்லையென்றால் திருத்தவேண்டியது தைப்பவர் எடுக்கும் ஓரத்தை.

*

இந்தத் துல்லியம் எப்போதும் இப்படித்தான் எட்டப்பட்டதா என்றால், இல்லை. நாள் குறிக்கப்பட்ட பிரிட்டிஷ் துண்டுத்துணிப் போர்வைகளில் இதுவரை அறியப்பட்ட மிகப் பழையது 1718ஆம் ஆண்டினது, பட்டுத்துணியாலானது. அதைத் தைத்தவர்கள் காகிதத்தை வேண்டிய வடிவில் வெட்டி, துணியின் ஓரத்தை அதன்மேல் மடித்து ஓட்டுத்தையல் போட்டு, மடித்த விளிம்புகளை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்தார்கள். இம்முறையில் உள்ளே மடியும் துணி கால் அங்குலமா அரை அங்குலமா என்பது ஒரு பொருட்டே அல்ல. வடிவத்துக்குப் பொறுப்பு காகிதம்.

அமெரிக்காவில் பரவலான கைத்தையல் முறையும் அளவில் இதையே சார்ந்தது. அட்டையில் வெட்டிய அச்சைத் துணியின் பின்புறம் வைத்துச் சுற்றிக் கோடு வரைவார்கள். அந்தக் கோடுதான் தையல் செல்லும் பாதை. அதற்கு வெளியே கண்மதிப்பாகச் சிறிது துணி விட்டு வெட்டிக்கொள்வார்கள். ஊசி கோட்டின்மேல் செல்கிறது. ஓரம் கோணலானால் யாருக்கும் நட்டமில்லை.

இம்முறை எட்டிய உயரத்துக்குச் சான்று வெர்மான்ட் மாநிலத்தின் ஜேன் ஸ்டிக்கிள் 1863இல் முடித்த போர்வை. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம். 169 சதுரக் கட்டங்கள், அவற்றில் பெரும்பாலும் ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. மொத்தம் 5,602 துண்டுகள். போர்க்காலத்தில் தைத்தது என்பதையும் துண்டுகளின் எண்ணிக்கையையும் தன் பெயரையும் அதன் மூலையில் அவரே தைத்துவைத்திருக்கிறார். பென்னிங்டன் அருங்காட்சியகத்தில் உள்ள அந்தப் போர்வையைப் பார்க்கும் எவரும், துல்லியத்தை இயந்திரம் கொண்டுவந்தது என்று சொல்ல முடியாது.

இயந்திரம் கொண்டுவந்தது வேறொன்று. எலியாஸ் ஹோவ் 1846இலும் ஐசக் சிங்கர் 1851இலும் காப்புரிமை பெற்றார்கள். சிங்கர் நிறுவனம் 1856 வாக்கில் தவணைமுறையில் விற்கத் தொடங்கியதும் தையல் இயந்திரம் நடுத்தரக் குடும்பங்களின் கூடத்துக்கு வந்தது. சட்டைகளைத் தைத்த கையோடு போர்வைத் துண்டுகளையும் பெண்கள் அதில் இணைக்கத் தொடங்கினார்கள். இயந்திரத்தின்முன் அமர்பவருக்கு ஒரு சிக்கல் எழும். கோடு துணியின் பின்புறம் இருக்கிறது. இரண்டு துணிகளை முகத்தோடு முகம் வைத்தால் மேல்கோடு தெரியும், கீழ்க்கோடு தெரியாது. கைத்தையலில் ஒவ்வொரு நான்கு தையலுக்கும் திருப்பிப் பார்க்கலாம். இயந்திரத்தின் வேகத்தில் அதற்கு இடமில்லை. ஆகவே தைப்பவரின் கண் கோட்டை விட்டு ஓரத்துக்கு நகர்ந்தது. இரண்டு துணிகளின் ஓரங்களையும் ஒன்றாக வைத்து, ஊசிக்கும் ஓரத்துக்கும் இடையே மாறாத இடைவெளி காத்தால் போதும்.

கோட்டிலிருந்து ஓரத்துக்கு நகர்ந்த இந்தச் சிறு மாற்றத்தையே துண்டிணைப்பின் வரலாற்றில் பெரிய திருப்பமாக நாம் கருதுகிறோம். கைத்தையலில் கண்மதிப்புக்கு விடப்பட்டிருந்த ஓரம் இப்போது ஆதாரமாகிவிட்டது. ஓரமே ஆதாரம் என்றால் வெட்டுவதும் துல்லியமாக வேண்டும், விடுவதும் துல்லியமாக வேண்டும்.

இம்மாற்றத்தை மிக அழகாகப் பயன்படுத்திக்கொண்டவர்கள் புளோரிடாவின் சதுப்புநிலங்களில் வாழ்ந்த செமினோல் பழங்குடிப் பெண்கள். வணிகர்களிடம் வாங்கிய, கையால் சுற்றும் தையல் இயந்திரங்களில் வண்ணப் பட்டைகளை நீளவாக்கில் இணைத்து, இணைத்த துணியைக் குறுக்கே வெட்டி, வெட்டிய துண்டுகளைத் தள்ளித் தள்ளி வைத்து மீண்டும் இணைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் உருவான அந்த முறையில் அச்சு இல்லை, கோடு இல்லை. நேரான ஓரமும் மாறாத இடைவெளியும் மட்டுமே உண்டு.

*

ஆயினும் கால் அங்குலம் சட்டமாவதற்கு இயந்திரம் மட்டும் காரணமல்ல. ஒரு பெண் தானே வரைந்து, தானே வெட்டி, தானே தைக்கும்வரை அவள் எவ்வளவு ஓரம் விட்டாலும் அவளுக்குள் கணக்கு ஒத்துப்போகும். ஒருத்தி வரைந்ததை வேறொருத்தி தைக்கும்போதுதான் பொது அளவு தேவையாகிறது.

செயின்ட் லூயிஸ் நகரில் 1889இல் தொடங்கப்பட்ட லேடீஸ் ஆர்ட் கம்பெனி நூற்றுக்கணக்கான குவில்ட் மாதிரிகளை அஞ்சலில் விற்றது. 1928 முதல் 1961 வரை கான்ஸாஸ் சிட்டி ஸ்டார் நாளிதழ் மாதிரிகளை வெளியிட்டு வந்தது. விவசாயக் குடும்பத்துப் பெண்கள் அவற்றை வெட்டி வைத்துக்கொண்டார்கள். இவ்வகை வெளியீடுகளில் பல, முடிந்த வடிவின் அளவை மட்டும் கொடுத்து, தையலுக்கான துணியை நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டன. கைத்தையல்காரிகளுக்கு அது போதுமானதாக இருந்தது.

இயந்திரங்களும் மெல்லப் பழகின. 1933இல் சிகாகோ உலகக் கண்காட்சியின்போது சிங்கர் அறிமுகப்படுத்திய ஃபெதர்வெயிட் இயந்திரத்தின் எடை ஏறத்தாழ 5 கிலோ. நேர்த்தையல் மட்டுமே போடும். குவில்ட் தைப்பவர்கள் அதை இன்றும் தேடி வாங்குகிறார்கள். ஊசியின் இருபுறமும் துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தின் வலது விளிம்பு ஊசியிலிருந்து கிட்டத்தட்டக் கால் அங்குலத்தில் இருந்தது அந்த அன்புக்கு ஒரு காரணம். துணியின் ஓரத்தைப் பாதத்தின் விளிம்போடு ஒட்டி ஓட்டினால் போதும். அகலமான பாதம் கொண்ட இயந்திரக்காரர்கள் தட்டின்மேல் ஒட்டுநாடாவை ஒட்டி வேலி கட்டிக்கொண்டார்கள். பின்னாளில் கால் அங்குலப் பாதம் தனி உறுப்பாகவே விற்பனைக்கு வந்தது.

1970களில் எல்லாம் ஒன்றுகூடின. 1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம், ஜோனதன் ஹோல்ஸ்டீனும் கெயில் வான் டெர் ஹூஃபும் சேகரித்த குவில்ட்களை நவீன ஓவியங்களைப்போலச் சுவரில் மாட்டிக் காட்டியது. 1976இல் பார்பரா ஜொஹானாவும் 1978இல் எலியனார் பர்ன்ஸும், இயந்திரத்தில் விரைவாகக் குவில்ட் தைக்கும் முறைகளை விளக்கும் நூல்களை வெளியிட்டனர். 1979இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் வட்ட அலகு கொண்ட சுழல்கத்தியைக் கொண்டுவந்தது. கண்ணாடிபோன்ற அளவுகோலை வைத்து இந்தக் கத்தியை ஓட்டினால் பல அடுக்குத் துணி ஒரே கோட்டில் வெட்டுப்படும். அச்சும் பென்சிலும் ஓரங்கட்டப்பட்டன. வெட்டவேண்டிய அளவிலேயே கால் அங்குலம் சேர்க்கப்பட்டுவிட்டது. ஒரு நகரத்தில் எழுதிய குறிப்பை வேறொரு கண்டத்தில் உள்ளவர் தைத்தாலும் நட்சத்திரத்தின் முனை சரியாகச் சேரும்.

*

இந்த வரலாற்றை ஒரு முன்னேற்றக் கதையாக முடித்துவிட முடியாமல் தடுக்கும் ஓர் ஊர் இருக்கிறது. அலபாமா ஆற்றின் வளைவில், வில்காக்ஸ் மாவட்டத்தில் உள்ள ஜீஸ் பெண்ட். பெட்வே என்ற தோட்ட முதலாளியிடம் அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்தவர்கள் வாழும் ஊர். பலருக்கு இன்றும் அவன் பெயரே குடும்பப்பெயர். குடியுரிமைப் போராட்டம் வலுத்தபோது, 1962இல் ஆற்றைக் கடக்கும் படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2006இல்தான் மீண்டும் வந்தது.

அங்கே மிசூரி பெட்வே 1942இல் தைத்த போர்வை ஒன்று, இறந்துபோன கணவரின் வேலையுடுப்புகளால் ஆனது. பருத்திக் காட்டில் வெளுத்த கால்சட்டைகளின் நீலமும் சாம்பலும் பழுப்பும் நீண்ட பட்டைகளாக நிற்கின்றன. ஓரங்கள் நேராக இல்லை. அதை அளவுகோல் கொண்டு அணுகுபவர் எதையும் பார்த்திருக்கமாட்டார்.

அங்குள்ள பெண்கள் தம் விருப்பப்படி தைப்பதை 'என் வழி' என்கிறார்கள். அந்த வழிக்கு உள்ளேயும் ஒரு கணக்கு உண்டு என்பதைக் கவனிக்கவேண்டும். அவர்கள் அதிகம் கையாண்ட 'வீட்டுக்கூரை' எனும் அமைப்பில் நடுவில் ஒரு துண்டை வைத்து, சுற்றிச்சுற்றிப் பட்டைகளைச் சேர்ப்பார்கள். ஒவ்வொரு பட்டையும், ஏற்கெனவே தைத்து முடிந்த பக்கம் எவ்வளவு நீளம் இருக்கிறதோ அந்த நீளத்துக்கு வெட்டப்படுகிறது. ஆகவே முந்திய தையலின் பிழை அடுத்த பட்டையில் உள்வாங்கப்பட்டுவிடும். பெருகி வந்து முட்டாது. கால் அங்குலம் அங்கே தேவைப்படாததன் காரணம் இதுதான். ஒரே கை வெட்டியது, ஒரே கண் பார்த்தது. கையிலிருக்கும் துணியே அளவுகோல்.

1966இல் பிரான்சிஸ் வால்டர் என்ற பாதிரியாரின் முயற்சியோடு அப்பகுதிப் பெண்கள் ஃப்ரீடம் குவில்டிங் பீ என்ற கூட்டுறவை அமைத்தார்கள். வாக்குரிமைக்காகப் பதிவுசெய்ததால் வேலையையும் குடியிருப்பையும் இழந்த குடும்பங்கள் இருந்த காலம் அது. நியூயார்க்கின் பெரிய கடைகள் ஆர்டர் கொடுத்தன. 1972இல் சியர்ஸ் நிறுவனம் கார்டுராய் துணியில் தலையணை உறைகள் தைக்க ஒப்பந்தம் செய்தது. கடைக்குத் தேவை ஒரே அளவு, ஒரே மாதிரி, ஒரே தையல். நூறாவது உறையும் முதல் உறையைப்போலவே இருக்கவேண்டும். 'என் வழி'க்கு அங்கே இடமில்லை. அந்தப் பணம்தான் பல வீடுகளில் பெண்களின் முதல் சொந்தச் சம்பாத்தியம் என்பதையும் மறக்கக்கூடாது.

ஆனால் வெட்டி மிஞ்சிய கார்டுராய்த் துண்டுகள் வீட்டுக்கு வந்தன. பகலில் அளவுக்குத் தைத்த அதே கைகள், அந்தத் தங்கநிறத்தையும் பாசிப்பச்சையையும் செங்கல்நிறத்தையும் கொண்டு வீட்டில் தம் வழியில் தைத்தன. 2002இல் ஹூஸ்டனிலும் பிறகு விட்னியிலும் ஜீஸ் பெண்ட் குவில்ட்கள் காட்சிக்கு வைக்கப்பட்டபோது பார்வையாளர்களை நிறுத்திவைத்தவற்றில் இந்தக் கார்டுராய்ப் போர்வைகளும் உண்டு. 2006இல் அமெரிக்க அஞ்சல் துறை ஜீஸ் பெண்ட் குவில்ட்களை அஞ்சல்தலைகளாக வெளியிட்டது. கூட்டுறவு 2012இல் மூடப்பட்டது.

இந்த இரண்டு தையல்களையும் எதிரெதிரே நிறுத்தி, ஒன்று அடிமைத்தனம், மற்றொன்று கலை என்று பிரித்துவிடுவது எளிது. நமக்கு அது சரியாகப் படவில்லை. அதே பெண்கள் இரண்டையும் செய்தார்கள், இரண்டும் அவர்களுக்குத் தேவைப்பட்டன. அளவு என்பது முகமறியாதவரோடு செய்துகொள்ளும் உடன்படிக்கை. கணவரின் கால்சட்டையைப் போர்வையாக்கும்போது அங்கே முகமறியாதவர் எவருமில்லை, உடன்படிக்கைக்கும் அவசியமில்லை. கடைக்குத் தைக்கும்போது, யாரோ எழுதிய மாதிரியை யாருக்கோ தைக்கும்போது, அது இல்லாமல் முடியாது. தவறு நேர்வது, ஒன்றின் சட்டத்தைக் கொண்டு மற்றொன்றை அளக்கும்போதுதான்.

இரண்டும் ஒரே துணியில் சேர்ந்த ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. சான்பிரான்சிஸ்கோவில் கிளீவ் ஜோன்ஸ் தொடங்கிய எய்ட்ஸ் நினைவுக் குவில்ட் 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டனின் பெரும்புல்வெளியில் முதன்முறையாக விரிக்கப்பட்டபோது அதில் 1,920 துண்டுகள் இருந்தன. இறந்த ஒருவரின் நினைவாக அவரை நேசித்தவர்கள் செய்த துண்டுகள் அவை. சட்டை, பொம்மை, புகைப்படம், கடிதம் என எதை வேண்டுமானாலும் அதில் தைக்கலாம். பலர் அதற்குமுன் ஊசி பிடித்ததே இல்லை. அளவு மட்டும் மாறாது: 3 அடிக்கு 6 அடி, ஏறத்தாழ ஒரு கல்லறையின் அளவு. ஓரத்தை மடித்துத் தைக்க இரண்டு மூன்று அங்குலத் துணி கூடுதலாக விட்டு அனுப்பும்படி கேட்டுக்கொள்வார்கள். எட்டுத் துண்டுகள் சேர்ந்தால் 12 அடிச் சதுரம். இன்று அதில் ஏறத்தாழ 50,000 துண்டுகள் இருக்கின்றன. வாழ்நாளில் ஒருமுறைகூடச் சந்தித்திராதவர்களின் பெயர்கள் அங்கே பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் பிடித்திருப்பது, ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருவர் ஓரத்தில் கணக்காக விட்டு அனுப்பிய அந்தத் துணிதான்.